எண்ணெய், வாயு உற்பத்திக் கம்பனியில் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தைக் குறைத்தல்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எண்ணெய், வாயு எடுக்கும் ஒரு கம்பனியின் சுற்றாடல் பிரிவிலோ இயக்கப் பிரிவிலோ நீங்கள் சேர்ந்து சில மாதங்களுக்குள், "எமது பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதற்கான திட்டமொன்றைத் தயாரித்துத் தருக" என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரும். திருகோணமலையிலிருந்து வளைகுடாவுக்குப் போய் ஒரு வாயுக் களத்தில் வேலை பார்த்த எனக்கும் அப்படியொரு கடிதம் வந்தது. எதைக் கணக்கிட வேண்டும் என்பதைத் தரநிலை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. ஆனால் எந்தக் காகிதத்தை யாரிடம், எந்த மாதத்தில் கேட்க வேண்டும், எதற்கு எவ்வளவு செலவாகும் என்பவற்றை அவை சொல்வதில்லை. நகரிலிருந்தும் கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலிருந்தும் இத்துறைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் அதே சுவரில் முட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலையின் வரிசையை முதலிலேயே சொல்லி விடுகிறேன்: முதலில் அளவீடு, அடுத்து இயற்கை வாயுவின் முக்கிய கூறான மெதேனின் கசிவு, பிறகு பிளேர் எனப்படும் வாயு எரிக்கும் சுடர்க் கோபுரம், அதன் பின்னர் எரிபொருளும் மின்சாரமும். இந்த வரிசையை மாற்றி, மரம் நடுவதிலும் அலுவலகக் கூரையில் சூரியப் பலகை பூட்டுவதிலும் தொடங்கும் கம்பனிகள் பணத்தைச் செலவிட்ட பின்னரும் வெளியேற்றம் குறையாமல் நிற்கின்றன. எண்ணெயையும் வாயுவையும் எடுத்து, சுத்திகரித்து, கொண்டு சேர்க்கும் வேலைகளிலிருந்து மட்டும் 2022 ஆம் ஆண்டில் 510 கோடி தொன் காபனீரொட்சைட்டுச் சமானம் (எல்லாப் பச்சைவீட்டு வாயுக்களையும் காபனீரொட்சைட்டின் அளவுக்கு மாற்றிக் கூட்டிய தொகை) வெளியேறியதாகச் சர்வதேச எரிசக்தி முகவரகம் கணித்தது. இது உலக எரிசக்தித் துறையின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 15 சதவீதமாகும். அதில் மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடிய பகுதி மெதேன் என்பதில் துறை சார்ந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

1. எல்லையை எழுதிக் கையொப்பம் பெறுங்கள்

கணக்கைத் தொடங்குவதற்கு முன்னர், எந்தெந்தக் கிணறுகள், நிலையங்கள், குழாய்வழிகள், வாகனங்கள், ஒப்பந்தகாரரின் இயந்திரங்கள் கணக்குக்குள் வருகின்றன என்பதை இரண்டு பக்கங்களுக்கு மிகாத ஆவணமாக எழுதி, களப் பொறுப்பாளரிடமும் நிதிப் பொறுப்பாளரிடமும் கையொப்பம் பெறுங்கள். பெரும்பாலான களங்கள் கூட்டு முயற்சிகளாகவே நடக்கின்றன. உங்கள் கம்பனி 40 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு களத்தை இயக்குவதாக இருந்தால், இயக்கக் கட்டுப்பாட்டு அடிப்படையில் முழு வெளியேற்றமும் உங்கள் கணக்கில் வரும். பங்கு அடிப்படையில் 40 சதவீதம் மட்டுமே வரும். இரண்டில் எதையும் தெரிவு செய்யலாம். ஆனால் தெரிவு செய்ததை எல்லா நிலையங்களுக்கும், எல்லா ஆண்டுகளுக்கும் ஒன்றுபோலப் பின்பற்ற வேண்டும். கிணறு தோண்டும் ஒப்பந்தகாரரின் டீசல் இயந்திரங்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதில்தான் பின்னர் அதிகமான வாக்குவாதம் எழும் என்பதால், அதையும் இப்போதே எழுதி விடுங்கள்.

அதே ஆவணத்தில் அடிப்படை ஆண்டையும் குறிப்பிடுங்கள். பராமரிப்புக்காக நிலையத்தையே நிறுத்தும் பெரிய ஷட்டவுன் நடந்த ஆண்டையோ, உற்பத்தி வழமைக்கு மாறாக இருந்த ஆண்டையோ அடிப்படையாக எடுத்தால் பின்வரும் ஒப்பீடுகள் அனைத்தும் பிழைக்கும்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

முழு வேலையிலும் அதிக காலத்தை விழுங்குவது இந்தப் படி. ஒரு நடுத்தர அளவிலான களத்துக்கு இரண்டு முதல் மூன்று மாதங்களை இதற்கு ஒதுக்குங்கள். ஆண்டு முடிவில் நிதிப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் தங்கள் கணக்குகளில் மூழ்கியிருப்பார்கள் என்பதால், டிசம்பரிலும் சனவரியிலும் எதைக் கேட்டாலும் கிடைக்காது. ஒக்ரோபருக்கு முன்னர் கோரிக்கைக் கடிதங்களை அனுப்பி விடுவது நல்லது.

உங்களுக்குத் தேவைப்படும் அடிப்படைக் காகிதங்கள் இவை: குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அன்ட் ஐ.டி. வரைபடங்களின் இறுதித் திருத்தப் பிரதி. கொம்பிரசர், ரேர்பைன், மின்பிறப்பாக்கி, தாங்கி, கட்டுப்பாட்டு வால்வு ஒவ்வொன்றினதும் பட்டியல். எரிபொருள் வாயு மீற்றரினதும் பிளேர் மீற்றரினதும் நாளாந்தப் பதிவுகளும் அவற்றின் அளவுத்திருத்தச் சான்றிதழ்களும். டீசல் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகள். மின் கட்டணப் பட்டியல்கள். வாயுவின் இரசாயனக் கூறுகளைக் காட்டும் ஆய்வுகூட அறிக்கைகள். பராமரிப்புக்காகக் குழாய்களிலிருந்து அழுத்தம் வெளிவிடப்பட்ட நாட்களின் பதிவேடு.

இவற்றில் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, வரைபடத்தில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. பத்து வருடங்களுக்கு முன்னர் வரையப்பட்டு, அதன் பின்னர் பூட்டப்பட்ட கருவிகள் சேர்க்கப்படாத வரைபடங்களை நம்பி எண்ணிக்கை எடுத்தால் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. களத்தை நடந்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, விற்பனை வாயுவின் ஆய்வறிக்கைதான் உங்கள் கைக்கு எளிதில் கிடைக்கும். அதை எடுத்து, தாங்கியிலிருந்து வெளியேறும் ஆவிக்கும் கிணற்றடியில் வெளிவிடப்படும் வாயுவுக்கும் பயன்படுத்தக்கூடாது. மூன்று இடங்களிலும் மெதேனின் அளவு வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, பிளேர் மீற்றரின் அளவுத்திருத்தச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், அந்த இலக்கத்தை வைத்து எழுதப்பட்ட அறிக்கையைச் சரிபார்ப்பவர் பின்னர் ஏற்க மாட்டார். மீற்றரைத் திருத்துவதற்கான வேலைக் கட்டளையை முதல் மாதத்திலேயே எழுதி விடுங்கள்.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் வேலை பழகிய தம்பிமாருக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தாங்கியின் மேலேறி அளவெடுப்பதிலும் ஆவியின் ஆபத்தை அறிவதிலும் உங்களுக்கு இருக்கும் பழக்கம் மிகப் பெரிய பலம். ஆனால் குதங்களில் இருக்கும் பெற்றோலிலிருந்தும் டீசலிலிருந்தும் எழும் ஆவியில் மெதேன் அநேகமாக இல்லை. அது சுவாசத்துக்கும் தீப்பாதுகாப்புக்கும் உரிய பிரச்சினையாகவே பார்க்கப்படுகிறது. கிணற்றிலிருந்து வந்த மசகெண்ணெய், அழுத்தம் குறைந்த களத் தாங்கிக்குள் விழும்போதோ, அதில் கரைந்திருந்த மெதேன் சோடாப் போத்தலைத் திறந்தாற்போலப் பொங்கி வெளியேறும். இரண்டு தாங்கிகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கணக்கில் அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி உண்டு.

3. முதற் கணக்கைப் போடுங்கள்

பச்சைவீட்டு வாயு நெறிமுறையும் ஐ.எஸ்.ஓ. 14064 இன் முதற் பகுதியும் கணக்கின் சட்டகத்தைத் தருகின்றன. எண்ணெய், வாயுத் துறைக்கே உரிய சூத்திரங்களுக்கு அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் முறைத் தொகுப்பைப் பயன்படுத்தலாம், அது இலவசமாகக் கிடைக்கிறது. கணக்கை விலை கூடிய மென்பொருளில் தொடங்க வேண்டிய தேவையில்லை. முதல் ஆண்டுக்கு எக்செல் போதும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் அது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மெதேனைக் காபனீரொட்சைட்டுச் சமானமாக மாற்றும் பெருக்கெண்ணில் பலர் தடுமாறுகிறார்கள். நூறு ஆண்டுக் கணக்கில் காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழுவின் நான்காவது மதிப்பீடு 25 என்றும், ஐந்தாவது 28 என்றும், ஆறாவது எண்ணெய், வாயு போன்ற புதைபடிவ மூலங்களின் மெதேனுக்கு 29.8 என்றும் சொல்கின்றன. பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் அறிக்கையிடுவது ஐந்தாவது மதிப்பீட்டின் எண்களைக் கொண்டு. அடிப்படை ஆண்டை 28 இலும் இந்த ஆண்டை 25 இலும் கணித்தால், ஒரு வால்வைக்கூடத் தொடாமல் பத்து சதவீதத்துக்கு மேல் மெதேன் "குறைந்து" விடும். இதைத் தெரியாமல் செய்தாலும் தெரிந்து செய்ததாகவே வெளியில் பார்க்கப்படும். இருபது ஆண்டுக் கணக்கில் மெதேனின் பெருக்கெண் 82.5 ஆக உயர்வதால், அதையும் ஒரு தனி நிரலில் காட்டுங்கள். மெதேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குகிறது; இன்று தடுக்கும் ஒரு தொன்னின் பலன் எங்கள் காலத்திலேயே தெரியும் என்பதை முகாமைத்துவம் அந்த நிரலிலிருந்து புரிந்துகொள்ளும்.

அடிக்கடி விடுபட்டுப் போகும் ஒரு மூலம், கிணற்று வாயுவிலேயே இயல்பாக இருக்கும் காபனீரொட்சைட்டு. அதை, அமீன் என்னும் இரசாயனக் கரைசலால் உறிஞ்சும் அமீன் கோபுரத்தில் பிரித்தெடுத்து வானத்தில் விட்டு விடுகிறார்கள். எரிபொருள் எதுவும் எரியாததால் எவருடைய பட்டியலிலும் அது வருவதில்லை. சில களங்களில் மொத்தக் கணக்கையே மாற்றி விடும் அளவுக்கு அது பெரியது.

கம்பனி விற்ற எண்ணெயையும் வாயுவையும் வாங்கியவர்கள் எரிக்கும்போது வெளியேறுவது, கம்பனிக்கு வெளியே நிகழும் மறைமுக வெளியேற்றத்துக்குரிய மூன்றாம் பிரிவில் (ஸ்கோப் 3) சேரும். அது உங்கள் களத்தின் சொந்த வெளியேற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் எந்தப் படியும் அதைக் குறைக்காது. அறிக்கையில் அதை மறைக்காமல், தனி வரியாக எழுதுவதே நேர்மையானது.

இந்தத் துறையில் இன்னும் கால் வைக்காதவர்கள் பயிற்சிக்காக நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்தில் தெரிந்த ஒரு விடுதியின் ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மின் பட்டியல், மின்பிறப்பாக்கியின் டீசல் பற்றுச்சீட்டு, குளிரூட்டிக்கு வாயு நிரப்பிய பதிவு ஆகிய மூன்றும் போதும். ஒரு லீற்றர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு என்று தொடங்குங்கள். முறை ஒன்றேதான்.

4. களத்தில் இறங்கிக் கசிவைத் தேடுங்கள்

மேசையில் போட்ட கணக்கு, கருவிகளின் எண்ணிக்கையைச் சராசரிக் காரணியால் பெருக்கிப் பெற்ற மதிப்பீடு மட்டுமே. உண்மைக் கசிவு சராசரியாகப் பரவியிருப்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மிகப் பெரிய 5 சதவீதக் கசிவுகளே மொத்த அளவின் பாதிக்கும் மேற்பட்ட பங்குக்குக் காரணமாகின்றன. அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை.

இதற்குப் பயன்படுவது மெதேன் உறிஞ்சும் அகச்சிவப்பு அலைநீளத்தில் பார்க்கும் கமரா. ஒன்றை வாங்க ஏறத்தாழ ஒரு இலட்சம் அமெரிக்க டொலர் தேவை என்பதால், முதல் ஆண்டில் வாங்காதீர்கள். பயிற்சி பெற்ற இயக்குநரோடு நாட்கூலிக்கு அமர்த்துங்கள். வாயுவுக்கும் அதன் பின்னணிக்கும் வெப்பநிலை வேறுபாடு இருந்தால்தான் கமராவில் எதுவும் தெரியும்; கடுங்காற்று வீசும் பிற்பகலில் புகை கலைந்து விடும். காற்று அடங்கிய காலை நேரமே ஏற்றது. கோடையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: கட்டாரில் யூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரையும், ஐக்கிய அரபு அமீரகத்தில் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பகல் 12.30 இலிருந்து 3 மணி வரையும் வெயிலில் வேலை செய்விக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆய்வுக் குழுவை நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் அமர்த்தினால், ஒரே நாட்கூலிக்கு அதிகமான வேலை நடக்கும்.

தாங்கியின் உச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்கும் துவாரத்தின் மூடி சரியாக மூடியிருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். கமராவைத் திருப்பினால், மூடியின் ஒரு விளிம்பால் கரும்புகை போன்ற ஒன்று சரிந்து வழிந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அல்லது அளவெடுத்தவர் கொக்கியை இறுக்காமல் இறங்கியிருப்பார். வளையத்தின் விலை மிகச் சிறியது. மாற்றிய பின்னரும் சில நாட்களில் அதே இடத்தில் மறுபடி புகை தெரிந்தால் மூடியைக் குறை சொல்வதை நிறுத்தி விட்டுக் கீழே போங்கள். எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் செப்பரேற்றரிலிருந்து தாங்கிக்கு எண்ணெய் அனுப்பும் வால்வு, மண்ணோ மெழுகோ சிக்கி முழுமையாக மூடாமல் நின்று, வாயுவையே தாங்கிக்குள் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். அப்படி நின்ற ஒரு வால்வு வெளிவிடும் அளவு, நூற்றுக்கணக்கான சிறு கசிவுகளின் கூட்டுத்தொகையை மிஞ்சும். தாங்கியின் மேலேறும் எவரும் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவை அளக்கும் கருவியைச் சட்டையில் பூட்டாமலும், வேலை அனுமதிப்பத்திரம் பெறாமலும் ஏறக்கூடாது. கசிவுக் கணக்கைவிட உயிர் பெரியது.

கமரா கசிவைக் காட்டும், அளவைச் சொல்லாது. ஆகவே கண்ட ஒவ்வொரு கசிவுக்கும் இலக்கத் தகடு கட்டி, ஒளிப்பதிவை அந்த இலக்கத்தில் சேமித்து, பெரியவற்றை ஓட்ட அளவுக் கருவியால் தனியாக அளந்துகொள்ளுங்கள். பழுது பார்த்த பின்னர் அதே கோணத்தில் மறுபடி படம் பிடியுங்கள். இந்த இரண்டாவது படத்தைப் பலர் எடுப்பதில்லை. அது இல்லாமல் குறைப்பை நிரூபிக்க முடியாது. இறுக்கினாலே நிற்கும் கசிவுகளை ஆய்வுக் குழு நிற்கும் அன்றே நிறுத்தி விடலாம் என்பதால், ஒரு பொருத்துநரை எப்போதும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

5. குறைந்த செலவில் பெரிய குறைப்பு தருபவை

மின்சாரம் இல்லாத பழைய களங்களில் வால்வுகளை இயக்குவதற்கு இயற்கை வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்தினார்கள். நியூமற்றிக் கொன்ட்ரோலர் எனப்படும் இக்கருவிகள் ஒவ்வொரு அசைவிலும், சில வகைகள் இடைவிடாமலும், மெதேனை வெளிவிடுகின்றன. அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் நீண்ட காலமாகப் பயன்படுத்திய காரணிப்படி, அதிகம் கசியும் வகையைச் சேர்ந்த ஒரு கருவி மணிக்கு 37 கன அடி வாயுவை விடுகிறது. ஆண்டுக்கு 3,24,000 கன அடி. தூய மெதேனாகக் கொண்டால் சுமார் 6 தொன். 28 ஆல் பெருக்கினால் 170 தொன்னுக்கு மேல். ஆயிரம் கன அடிக்கு 3 டொலர் விலை வைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 970 டொலர் பெறுமதியான வாயு ஒரே ஒரு கருவியால் காற்றில் போகிறது. குறைவாகக் கசியும் வகைக்கு மாற்றும் செலவு, கருவியைப் பொறுத்துச் சில நூறு முதல் சில ஆயிரம் டொலர். நிலையத்தில் மின்சாரம் இருந்தால் அமுக்கிய காற்றுக்கோ மின் இயக்கத்துக்கோ மாறி விடுங்கள். அப்போது கசிவே இராது.

முன்பின் அசையும் கொம்பிரசரின் தண்டைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் ரொட் பாக்கிங் வளையங்கள் தேய்வது இரண்டாவது பெரிய வாய்ப்பு. புதியது மணிக்குப் பன்னிரண்டு கன அடி அளவில் கசியும்; தேய்ந்தது பல நூறு கன அடிக்கு ஏறி விடும். 26,000 மணி ஓட்டத்துக்கு அல்லது 36 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது அமெரிக்க விதிகளில் உள்ள பழைய அளவுகோல். பராமரிப்பு அட்டவணையில் அதைச் சேர்ப்பதற்குப் புதிய முதலீடு தேவையில்லை. சுழலும் கொம்பிரசர்களில் எண்ணெய் சீலுக்குப் பதிலாக உலர் சீல் பூட்டலாம். ஆனால் அது விலை உயர்ந்தது, ஷட்டவுனில் மட்டுமே செய்யக்கூடியது.

தாங்கி ஆவியைப் பிடித்து மறுபடி அமுக்கி விற்பனைக் குழாய்க்குள் விடும் ஆவி மீட்பு இயந்திரம் 95 சதவீதம் வரை மீட்கும். பூட்டுவதற்குச் சில பத்தாயிரங்களிலிருந்து ஒரு இலட்சம் டொலருக்கு மேலும் ஆகலாம். உற்பத்தி வேகமாகக் குறைந்து வரும் களத்தில் இதைப் பெரிய அளவில் வாங்கி விட்டால் இரண்டு ஆண்டுகளில் அது அரைகுறையாகவே ஓடும் என்பதால், அடுத்த ஐந்தாண்டு உற்பத்தி எதிர்வுகூறலைப் பார்த்த பின்னரே அளவைத் தீர்மானியுங்கள். வாயுவின் ஈரத்தை நீக்கும் கிளைக்கோல் அலகில், உற்பத்தி குறைந்த பின்னரும் பழைய வேகத்திலேயே கிளைக்கோலைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். வேகத்தைக் குறைத்தாலே மெதேன் குறையும்; செலவு எதுவும் இல்லை.

6. பிளேரைச் சரிசெய்யுங்கள்

வழமையாக எரிப்பதும் பாதுகாப்புக்காக எரிப்பதும் வேறு. அவசரத்தில் அழுத்தத்தை இறக்குவதற்குப் பிளேர் வேண்டும், அதைத் தொடாதீர்கள். விற்க வழியில்லை என்பதற்காக நாள்தோறும் எரிப்பதே வழமையான எரிப்பு. 2030 க்குள் அதை நிறுத்துவது என்ற முயற்சியை உலக வங்கி 2015 இல் தொடங்கியது. ஆயினும் 2024 இல்கூட உலகம் முழுவதும் ஏறத்தாழ 15,100 கோடி கன மீற்றர் வாயு எரிக்கப்பட்டது.

எரிகிறது என்பதற்காக மெதேன் முழுவதும் அழிகிறது என்று கொள்ளக்கூடாது. கணக்குகளில் 98 சதவீதம் எரிவதாக எழுதுவது வழக்கம். அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் படுகைகளில் விமானத்திலிருந்து அளந்து 2022 இல் வெளியான ஆய்வில், அணைந்து கிடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது 91 சதவீதமே அழிந்திருந்தது. ஒரு தொன் மெதேனைப் பிளேருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எரிந்தது காபனீரொட்சைட்டாகவும் எரியாதது மெதேனாகவும் வெளியேறும். இரண்டையும் கூட்டினால், 98 சதவீதம் எரியும்போது வெளியேற்றம் 3.3 தொன் சமானம். 91 சதவீதம் என்றால் 5 தொன். சுடர் அணைந்திருந்தால் 28 தொன். ஆகவே புதிய திட்டம் எதையும் எழுதுவதற்கு முன்னர், பிளேரைப் பற்றவைக்கும் சிறு தூண்டு சுடர் எந்நேரமும் எரிகிறதா என்பதைக் காட்டும் வெப்பநிலை உணரி வேலை செய்கிறதா, அது அணையும்போது கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

வாயுவை மீட்பதற்கான வழிகள் களத்தைப் பொறுத்தவை: மறுபடி நிலத்துக்குள் செலுத்துதல், உள்ளூர் மின் உற்பத்தி, அருகிலுள்ள குழாய்வழியோடு இணைத்தல். கட்டாரின் ராஸ் லஃபானில் திரவ வாயுக் கப்பல்களில் ஏற்றும்போது ஆவியாகி எரிக்கப்பட்ட வாயுவைத் திரட்டித் திருப்பி அனுப்பும் பொது நிலையமொன்றை அமைத்தார்கள். பல கம்பனிகள் பகிர்ந்துகொண்டால் தனியே முடியாத முதலீடும் சாத்தியமாகும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

7. எரிபொருளும் மின்சாரமும்

இரண்டு ரேர்பைன்களை அரைச் சுமையில் ஓட்டிக்கொண்டிருக்கும் நிலையங்கள் ஏராளம். ஒன்று நின்று விட்டால் உற்பத்தி நின்று விடுமே என்ற பயத்தால் அப்படி ஓட்டுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. மின்கலத் தொகுதி ஒன்றை இடைத்தாங்கலாக வைத்து ஒரு ரேர்பைனை நிறுத்த முடியுமா என்று மின் பொறியியலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கழிவு வெப்ப மீட்பும் இங்கே வரும். கரையிலிருந்து மின்சாரம் இழுக்க முடிந்தால் வேறுபாடு பெரியது: நோர்வேயின் ஜோஹன் ஸ்வெர்ட்ரப் கடற்களம் 2019 இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கரை மின்சாரத்தில் இயங்குகிறது. ஓமானின் அமல் களத்தில், தடித்த எண்ணெயை இளக்கும் நீராவியைச் சூரிய வெப்பத்தாலும் உண்டாக்கினார்கள். வாங்கும் மின்சாரம் நிலக்கரியில் உண்டாவதாக இருந்தால் வெளியேற்றம் உங்கள் வேலிக்கு வெளியே போகுமே தவிரக் குறையாது. மாற்றத்துக்கு முன்னர் அந்த நாட்டின் மின்வலையமைப்புக் காரணியை, அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்பதைப் பாருங்கள்.

காபனைப் பிடித்து நிலத்தடியில் செலுத்துவது, அமீன் கோபுரத்திலிருந்து ஏற்கெனவே தூய ஓடையாக வரும் காபனீரொட்சைட்டுக்குப் பொருத்தமானது. நோர்வேயின் ஸ்லைப்னர் களம் 1996 முதல் அதைச் செய்கிறது. பல ஆண்டு ஆயத்தமும் பெரும் முதலீடும் வேண்டிய வேலை அது. முதல் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள்.

8. பணமும் கால அட்டவணையும்

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஆண்டுச் செலவிலிருந்து மீட்ட வாயுவின் பெறுமதியைக் கழித்து, தடுத்த தொன்களால் வகுத்து, தொன்னுக்கான செலவைக் கண்டு, குறைந்ததிலிருந்து கூடியதாக வரிசைப்படுத்துங்கள். நிதிப் பிரிவு இந்த ஒரு பக்கத்தையே வாசிக்கும். ஆனால் இதற்குள் ஒரு பெரிய பொறி உண்டு. மீட்ட வாயு கம்பனிக்குச் சொந்தமா என்பதை உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் பார்த்தாக வேண்டும். எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயு அரசுக்கே உரியது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படியானால் செலவு கம்பனிக்கு, வருமானம் அரசுக்கு; உங்கள் அழகான கணக்கு முதல் கூட்டத்திலேயே விழுந்து விடும். சட்டப் பிரிவிடம் அந்த வாசகத்தை எழுத்தில் பெற்று, தேவையானால் செலவு மீட்பு வாசகத்தின் கீழ் அனுமதி கேட்கும் கடிதத்தையும் சேர்த்தே சமர்ப்பியுங்கள்.

அடுத்தது ஷட்டவுன். குழாயைத் திறக்க வேண்டிய எந்த வேலையும் அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும்; அதன் வேலைப் பட்டியல் பல மாதங்களுக்கு முன்னரே மூடப்பட்டு விடும். சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "பட்டியல் எந்தத் தேதியில் மூடப்படுகிறது?" என்பது. அந்தத் தேதியைத் தவற விட்டால் மூன்று, நான்கு ஆண்டுகள் போய் விடும். சீல், ஆவி மீட்பு இயந்திரம் போன்றவற்றுக்குக் கட்டளையிட்டுப் பொருள் வந்து சேரவே பல மாதங்கள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

இலக்கை அறிவிப்பதற்கு முகாமைத்துவம் அவசரப்படும். 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் வெளியான எண்ணெய், வாயுத் துறைச் சாசனத்தில் சேர்ந்த கம்பனிகள், 2030 க்குள் உற்பத்தியில் மெதேனைப் பூச்சியத்துக்கு அருகில் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருப்பதால் அந்த அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. நான்காவது படி முடிவதற்கு முன்னர் எந்தச் சதவீதத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அளந்த பின்னர் கசிவு கூடுதலாகத் தெரியவருவதே வழமை.

9. சரிபார்ப்பும் அறிக்கையும்

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் கீழ் 2020 இல் வந்த ஓ.ஜி.எம்.பி. 2.0 (எண்ணெய், வாயு மெதேன் கூட்டாண்மை) சட்டகம், மெதேன் அறிக்கையை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. சராசரிக் காரணியில் போட்ட கணக்கு கீழ் நிலைகளிலும், ஒவ்வொரு மூலத்தையும் அளந்து பெற்றது நான்காவதிலும், அதை முழு நிலையத்தின் மேலாக எடுத்த அளவோடு ஒப்பிட்டது ஐந்தாவதிலும் சேரும். தாம் இயக்கும் களங்களுக்கு மூன்று ஆண்டுகளும், மற்றவர் இயக்குபவற்றுக்கு ஐந்து ஆண்டுகளும் தருகிறார்கள். உங்கள் வாயு ஐரோப்பாவுக்குப் போவதாக இருந்தால், 2024 ஓகஸ்ற்றில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய மெதேன் ஒழுங்குவிதியின் தற்போதைய வாசகத்தையும் தேதிகளையும் விற்பனைப் பிரிவிடம் கேட்டுப் பெறுங்கள். வாங்குபவர் அந்த ஆவணங்களை உங்களிடமே கேட்பார்.

பெரிய கசிவுகளைச் செய்மதிகள் பார்த்து, ஐக்கிய நாடுகளின் எச்சரிக்கை முறைமையூடாக அரசுக்கும் கம்பனிக்கும் அறிவிக்கின்றன. அப்படியொரு அறிவித்தல் வந்தால் யார் பதில் எழுதுவது, எத்தனை மணித்தியாலத்தில் களத்துக்கு ஆள் போவது என்பதை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வெளிச் சரிபார்ப்பாளர் ஐ.எஸ்.ஓ. 14064 இன் மூன்றாம் பகுதிப்படி பார்ப்பார். முதல் ஆண்டில், முழு ஆழத்துக்குப் போகாத சரிபார்ப்பான மட்டுப்படுத்தப்பட்ட உறுதிப்பாட்டைக் கேளுங்கள். செலவும் காலமும் குறைவு. இலங்கையில் இச்சேவையை வழங்கும் இடங்களில் இலங்கை காலநிலை நிதியமும் ஒன்று. நாட்டுக்குள் எரிபொருள் நிலையம் நடத்துவோர், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்குரிய பதிவுகளை இந்தக் கோவையோடு சேர்க்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். 2011 இல் மன்னார்ப் படுகையில் வாயு கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் எடுக்கப்படவில்லை. 2021 ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகார சபையிடம் ஒருநாள் அபிவிருத்தித் திட்டம் சமர்ப்பிக்கப்படும்போது, மின் இயக்க வால்வுகளும் உலர் சீல்களும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டும்போது பூட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் மாற்றுவதைவிடப் பன்மடங்கு மலிவு.

சரிபார்ப்பாளர் வருவதற்கு முன்னர் கோவையில் இருக்க வேண்டியவை: கையொப்பமிட்ட எல்லை ஆவணம், பெருக்கெண் அட்டவணை, மீற்றர் சான்றிதழ்கள், ஆய்வுகூட அறிக்கைகள், கசிவுகளின் முன், பின் ஒளிப்பதிவுகள், பழுதுபார்ப்பு வேலைக் கட்டளைகள், மாற்றங்களின் பதிவேடு. ஒரு களம் விற்கப்பட்டாலோ வாங்கப்பட்டாலோ அடிப்படை ஆண்டை மறுபடி கணித்து, பழைய கணக்கை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றினதும் ஒரு பிரதி உங்கள் மடிக்கணினியில் மட்டுமல்லாமல் கம்பனியின் சேவையகத்திலும் இருக்கட்டும். வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறும்போது, அடுத்து வருபவர் மறுபடி இரண்டாம் படியிலிருந்து தொடங்கும் நிலை பெரும்பாலும் அந்தப் பிரதி இல்லாததாலேயே வருகிறது.